பேச்சும் மானமும்: ஜப்பானியர் மொழி வழக்கு தரும் பாடம்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில், ஜப்பானியர் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசுகின்றனர் என்பதைப் பொருளாக எடுத்துக்கொண்டது ஏன் என்று சிலர் வியக்கலாம். காரணம் உண்டு. ஒரு மனிதரை ‘வா’ என்று அழைப்பதா, ‘வாருங்கள்’ என்று அழைப்பதா என்னும் சிறு வேறுபாட்டிற்குள் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பட்ட இழிவு அடங்கிக் கிடக்கிறது. நரைத்த தலையினரை நேற்றுப் பிறந்த பிள்ளை ஒருமையில் அழைத்ததும், அவர் அப்பிள்ளைக்குப் பன்மையில் விடை சொன்னதும் நாம் அறியாத செய்திகள் அல்ல. பேச்சில் மரியாதை என்பதனை மிக நுணுக்கமாக வகுத்து வைத்திருக்கும் மொழிகளுள் ஜப்பானிய மொழி ஒன்று. அம்மொழி பேசுவோர் நாள்தோறும் நடை மாற்றிப் பேசும் வகையினை அறிந்துகொண்டால், நம் சொற்களில் உறைந்து கிடக்கும் ஆற்றலையும் நாம் தெளிவாகக் காணலாம்.

வினைச்சொல்லின் பல முகங்கள்

‘போதல்’ என்னும் ஒரு செயலை எடுத்துக்கொள்வோம். நண்பனிடம் பேசும் ஜப்பானியர் ‘இக்கு’ என்பார். அறிமுகம் குறைந்தவரிடமோ பெரியவரிடமோ பேசுங்கால் அதே சொல்லை ‘இக்கிமஸ்’ என்று முடிப்பார். போகின்றவர் மதிப்பிற்குரியவராயின் ‘இரஷ்ஷரு’ என்று வேறொரு வினையையே ஆள்வார். தாம் போவதைப் பணிவுடன் சொல்ல வேண்டுமாயின் ‘மைரு’ என்பார். ஒரு செயலுக்கு நான்கு சொற்கள்.

இவற்றைக் கூர்ந்து நோக்கினால் இருவகை மரியாதை உண்டென்பது விளங்கும். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்குத் தரும் மரியாதை ஒன்று. யாரிடம் பேசுகிறோமோ அவருக்குத் தரும் மரியாதை மற்றொன்று. முதல்வகை நமக்குப் பழகியதே. ‘வந்தான்’, ‘வந்தார்’ என்னும் வேறுபாடு அவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாம் வகைதான் ஜப்பானிய மொழியின் சிறப்பு. ‘மழை பெய்யும்’ என்று சொல்வதற்குக்கூட நண்பனிடம் ‘ஃபுரு’ என்றும், ஆசிரியரிடம் ‘ஃபுரிமஸ்’ என்றும் முடிக்க வேண்டும். மழைக்கு மரியாதை ஏது? கேட்பவருக்குரிய மரியாதையே அங்கு வினையின் ஈற்றில் வந்து அமர்கிறது.

இது நமக்கு முற்றிலும் புதியதன்று. கொங்கு நாட்டார் ‘ஆமாங்க’, ‘மழை பெய்யுதுங்க’ என்று சொல்வதனை எண்ணிப் பாருங்கள். அந்த ‘ங்க’ மழைக்கு உரியதன்று. எதிரே நிற்பவருக்கு உரியது. ஆனால் நம் பேச்சில் ‘ங்க’ சேர்ப்பதும் விடுப்பதும் வழக்கத்தின்பாற்பட்டவை. ஜப்பானிய மொழியிலோ வாக்கியத்தை முடிக்கும்போது ‘மஸ்’ நடையா, இயல்பு நடையா என்று ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டும். இரண்டும் இல்லாத நடுவழி அரிது.

அறிஞர் கண்ட விதி

இத்தேர்வு எதனால் முடிவாகிறது? வயது, பதவி, நெருக்கம் ஆகியவற்றால் என்பது பாடநூல்கள் தரும் விடை. அத்துடன் ‘உச்சி’, ‘சொத்தோ’ என்று இரு சொற்களை ஜப்பானியர் வழங்குவர். ‘உள்’, ‘வெளி’ என்பன அவற்றின் பொருள். அலுவலகத்திற்குள் தம் மேலதிகாரியை மிக உயர்த்திப் பேசும் ஊழியர், வெளியார் ஒருவர் தொலைபேசியில் அவரைப் பற்றிக் கேட்டால், மரியாதை ஒட்டு இன்றி வெறும் பெயராகவே குறித்துப் பணிவு வினையால் பேசுவார். வெளியார்முன் மேலதிகாரியும் தம்மவரே; தம்மவரை உயர்த்திப் பேசுதல் பண்பாகாது என்பது அவர்கள் கொள்கை.

பேச்சு மரியாதை பற்றிப் பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்னும் இருவர் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. 1987ஆம் ஆண்டில் அது தனி நூலாகவும் வந்தது. ஆங்கிலம், மெக்சிகோ நாட்டுத் தொல்குடியினர் பேசும் செல்தால், நம் தமிழ் ஆகிய மூன்று மொழிகளையே அவர்கள் முதன்மைச் சான்றாகக் கொண்டனர். தமிழுக்கான சான்றுகளைக் கோவை மாவட்டத்துச் சிற்றூரில் லெவின்சன் திரட்டினார். பிறர் முகம் கோணாமல் காரியம் முடிக்க மனிதர் கையாளும் உத்தியே மரியாதைப் பேச்சு என்பது அவர்கள் கருத்தின் சாரம். இதனை ஜப்பானிய அறிஞர் சச்சிகோ இதெ 1989ஆம் ஆண்டில் மறுத்தெழுதினார். ஜப்பானியர் மரியாதை நடையை ஆள்வது உத்தியாக அன்று. தம் இடமும் பிறர் இடமும் அறிந்து நடக்கும் ‘வகிமாயெ’ என்னும் பகுத்துணர்வினால் என்பது அவர் வாதம்.

‘இடமறிந்து நடத்தல்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் சுருக்கென்று தைக்கப்படுவது இயல்பே. “உன் இடம் எதுவென்று தெரிந்து நட” என்ற அதட்டலை நாம் கேட்டிருக்கிறோம். ஆகவே இவ்விடத்தில் நாம் மேலும் ஒரு படி சென்று பார்க்க வேண்டும்.

ஒரே உரையாடலில் மாறும் நடை

விதி எழுதுவோர் கூறுவதுபோல் மக்கள் எப்போதும் பேசுவதில்லை. ஜப்பானியர் இயல்பாக உரையாடுவதனை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தோர் ஒரு வியப்பான உண்மையைக் கண்டனர். அதே இருவர், அதே இடம், அதே பொழுது; ஆயினும் நடை மாறி மாறி வருகிறது.

வகுப்பறையைக் காணுங்கள். ஆசிரியர் வகுப்பு முழுவதையும் நோக்கிப் பாடத்தைத் தொடங்குங்கால் ‘மஸ்’ நடையில் பேசுகிறார். அடுத்த நொடி ஒரு குழந்தையின் மேசையருகே குனிந்து கணக்கைத் திருத்தும்போது இயல்பு நடைக்கு வந்துவிடுகிறார். பக்கத்துப் பிள்ளையோடு இயல்பு நடையில் குசுகுசுத்துக்கொண்டிருந்த மாணவி, எழுந்து நின்று தன் கருத்தை வகுப்புக்குச் சொல்லும்போது ‘மஸ்’ நடைக்கு மாறுகிறாள். கேட்போர் அதே தோழியர்தாம். அவர்களுடைய வயதோ நிலையோ இடையில் உயர்ந்துவிடவில்லை.

வீட்டிற்கு வாருங்கள். தாயும் குழந்தையும் இயல்பு நடையில்தான் பேசுவர். ஆனால் சமைத்து முடித்து உணவைப் பரிமாற வரும்போதும், குழந்தைக்கு ஒழுக்கம் கற்பிக்கும்போதும் தாயின் வாயில் ‘மஸ்’ தோன்றுகிறது. தான் செய்ததை எல்லோர்க்கும் காட்ட முன்வரும் குழந்தையும் ‘மஸ்’ என்கிறது.

மறுதலையாகவும் நிகழ்வதுண்டு. பேராசிரியரிடம் ‘மஸ்’ நடையில் பேசிக்கொண்டிருக்கும் மாணவர், ஏதோ நினைவுக்கு வராமல் தமக்குத்தாமே வியந்துகொள்ளும்போது இயல்பு நடைக்கு வருகிறார். விருந்தில் ஒரு வாய் உண்டவர் ‘சுவை!’ என்று தம்மை மறந்து கூறுவதும் இயல்பு நடையிலேதான். அது மரியாதைக் குறைவாகக் கொள்ளப்படுவதில்லை. உள்ளத்தில் எழுந்தது அப்படியே வெளிப்பட்டது என்றே கொள்ளப்படுகிறது. புதிதாய்ப் பழகும் இருவருள் ஒருவர் இடையிடையே இயல்பு நடையைக் கலந்து பார்ப்பார். மற்றவரும் அவ்வாறே கலந்தால் நட்பு ஒரு படி நெருங்கிற்று என்று பொருள். அவர் ‘மஸ்’ நடையிலேயே நின்றால், இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள். வாயால் சொல்லாமலே ஒரு வேண்டுகோளும் அதற்கு ஒரு விடையும் முடிந்துவிடுகின்றன.

மரியாதை நடை என்பது நிமிர்தல்

இவற்றையெல்லாம் ஒரே காரணத்தால் விளக்க முயன்றவர் ஹருகோ மினெகிஷி குக் என்னும் மொழியியல் அறிஞர். ‘மஸ்’ நடை கேட்பவரின் உயர்வை மட்டும் காட்டுவதன்று. பேசுபவர் தம்மைப் பலர்முன் ஒழுங்குபடுத்தி நிறுத்திக்கொள்வதைக் காட்டுவது என்பது அவர் கண்ட முடிவு. ‘நிலையைச் செம்மைப்படுத்திக் கொள்ளுதல்’ என்று பொருள்படும் தொடர் ஒன்று ஜப்பானிய மொழியில் உண்டு. சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் முதுகை நேராக்கி அமர்வதனை அது குறிக்கும். ‘மஸ்’ நடை என்பது சொல்லினால் முதுகை நேராக்குதல். ஆசிரியர் ஆசிரியராக நிற்கும்போதும், தாய் தாயாக நின்று பரிமாறும்போதும், சிறுமி சபையில் பேசுபவளாக எழும்போதும் அந்த நடை வருகிறது.

இளைஞர்களே, இதனை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். மரியாதையாகப் பேசினால் குனிந்துவிட்டோம் என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். முரட்டுப் பேச்சே வீரம் என்றும் மயங்குகின்றனர். நூற்றாண்டுக்கணக்கில் நம்மிடம் மரியாதையை வாங்கிக்கொண்டு ஒன்றும் திருப்பித் தராதவர்களைக் கண்ட சமுதாயத்திற்கு அந்த எண்ணம் வருவது வியப்பன்று. ஆயினும் செம்மையான நடையில் பேசுகிறவர் முதலில் தம்மையே மதிக்கிறார். அவ்வாறாயின் குனிவு எங்கே இருக்கிறது?

திரும்பி வராத மரியாதை

1960ஆம் ஆண்டில் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஐரோப்பிய மொழிகளின் ‘நீ’, ‘நீங்கள்’ வழக்கை ஆராய்ந்து இவ்வினாவிற்கு விடை தந்தனர். இருவரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றால் அது தோழமை. இருவரும் ‘நீங்கள்’ என்றால் அது மதிப்பு. ஒருவர் ‘நீ’ என்று சொல்லி மற்றவரிடமிருந்து ‘நீங்கள்’ என்று பெறுவாராயின் அங்கே இருப்பது ஆதிக்கம். ஆகவே இழிவு ‘நீ’ என்ற சொல்லில் இல்லை. அதனைத் திருப்பிச் சொல்ல முடியாமையில் இருக்கிறது.

நம் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் சாதியும் பேச்சும் பற்றி லெவின்சன் 1982ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இதனையே நம் மண்ணில் நிறுவியது. எச்சாதியார் எச்சாதியாரை ‘நீ’ என்கின்றனர், பதிலுக்கு எதனைப் பெறுகின்றனர் என்று குறித்துக்கொண்டு வந்தாலே அவ்வூரின் ஏற்றத்தாழ்வு படிபடியாகத் தெரிந்துவிடும். அவ்வரிசையின் அடிப்படியில் யாரை நிறுத்தியிருந்தனர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானில் நம்மைப் போன்றோர்

ஜப்பானிலும் பிறப்பினால் ஒதுக்கப்பட்ட மக்கள் உண்டு. இன்று அவர்களைப் புராகு மக்கள் என்பர். தோக்குகாவா ஆட்சிக் காலத்தில் தோல் தொழிலும், இறந்த விலங்குகளை அகற்றும் தொழிலும் அவர்கள்மீது சுமத்தப்பட்டன. ‘அழுக்கு மிகுந்தோர்’ என்று பொருள்படும் எழுத்துகளால் அவர்களுக்கு ஒரு பெயரும் எழுதப்பட்டது. 1871ஆம் ஆண்டு அரசாணை அவ்விழிபெயரை ஒழித்து அவர்களைப் பொதுமக்களோடு சமமாக்கியது. ஆனால் ஊரார் ‘புதிய பொதுமக்கள்’ என்று வேறொரு பெயர் சூட்டி அடையாளத்தைக் காத்துக்கொண்டனர். சட்டம் ஒரு சொல்லை நீக்கினால் ஆதிக்கம் மற்றொரு சொல்லைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

1906ஆம் ஆண்டில் ஷிமஸாகி டோசோன் எழுதிய ‘ஹகாய்’ என்னும் புகழ்பெற்ற புதினத்தின் தலைமகன் உஷிமட்சு ஒரு பள்ளி ஆசிரியன். பிறப்பை எவரிடமும் சொல்லாதே என்பது தந்தையின் கட்டளை. முடிவில் அவன் கட்டளையை மீறித் தன் பிறப்பைச் சொல்லி, மாணவர்முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். செய்யாத குற்றத்திற்கு ஓர் ஆசிரியன் தன் மாணவர்முன் மண்டியிடுகிறான்! அக்காலத்துப் புராகு இளைஞர் எத்தனை பேர் அவனுள் தம்மைக் கண்டிருப்பர்!

பதினாறு ஆண்டுகள் சென்றன. 1922ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் கியோட்டோ நகரில் புராகு மக்கள் கூடிச் ‘சுயிஹெய்ஷா’ என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தனர். ‘சுயிஹெய்’ என்பதற்கு நீர்மட்டம் போன்ற சமநிலை என்று பொருள். சைகோ மன்கிச்சி வரைந்த அதன் பிரகடனம், எந்தப் பெயரால் இழிவுபடுத்தப்பட்டனரோ அந்தப் பெயரையே எடுத்து, அதனைப் பெருமையுடன் சொல்லும் காலம் வந்துவிட்டதென்று முழங்கியது. சங்கத்தின் முதல் தீர்மானம் நிலத்தைப் பற்றியதோ பொருளைப் பற்றியதோ அன்று. சொல்லாலும் செயலாலும் தம்மை இழிவு செய்வோரைக் கண்டித்துக் கேள்வி கேட்போம் என்பதே அத்தீர்மானம். மண்டியிட்ட ஆசிரியனின் கதை வந்த நாட்டில், 16 ஆண்டுகளில் மக்கள் எழுந்து நின்று பேசினர்.

1952ஆம் ஆண்டு அறிவுரை

போருக்குப்பின் மக்களாட்சி அரசியல் சட்டம் பெற்ற ஜப்பான், தன் மரியாதைப் பேச்சையும் எண்ணிப் பார்த்தது. அரசின் தேசிய மொழிக் குழு 1952ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘இனிவரும் மரியாதை மொழி’ என்னும் அறிக்கையை வெளியிட்டது. இதுவரை மரியாதை மொழி மேல், கீழ் என்னும் உறவின்மீது வளர்ந்தது. இனி ஒவ்வொருவரின் மனித மாண்பையும் மதிக்கும் பரஸ்பர மரியாதையின்மீது நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிறரை அளவுக்கு மீறி உயர்த்துவதும், தம்மை அளவுக்கு மீறித் தாழ்த்துவதும் இருவருடைய மாண்பையும் மறக்கச் செய்யும் என்று அது எச்சரித்தது. இயல்பான மரியாதைக்குத் ‘தெஸ், மஸ்’ நடையே போதும் என்றது.

ஆசிரியராகிய நம் நெஞ்சைத் தொட்ட பகுதி ஒன்றுண்டு. ஆசிரியரும் மாணவரும் பேசுங்கால் இருபாலரும் ‘தெஸ், மஸ்’ நடையையே பொது முறையாகக் கொள்வது விரும்பத்தக்கது என்றும், அன்பினால் இயல்பு நடையில் பேசுவதற்கு இது தடையன்று என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. மாணவர் ஆசிரியரை மதிக்க வேண்டும் என்பதை எல்லா நாட்டாரும் சொல்வர். ஆசிரியரும் மாணவரிடம் அதே நடையில் பேசுக என்று ஓர் அரசுக் குழு சொன்னது எண்ணத்தக்கது.

அறிக்கை சொன்னதெல்லாம் நடந்தேறிவிடவில்லை. பொதுச் சொல்லாகப் பரிந்துரைக்கப்பட்ட ‘அனதா’, அதாவது ‘நீங்கள்’ என்பதனை மேலோரிடம் சொல்லும் வழக்கம் இன்றும் ஏற்படவில்லை. கடைகளிலும் நிறுவனங்களிலும் மிகைப் பணிவு குறைந்துவிடவுமில்லை. எனினும் 2007ஆம் ஆண்டில் பண்பாட்டுக் குழு வெளியிட்ட வழிகாட்டியும் பரஸ்பர மதிப்பையே முதலில் வைத்தது. சூழலுக்கு ஏற்ற நடையைப் பேசுபவரே தேர்ந்துகொள்ளும் தன்வெளிப்பாடு என்றும் மரியாதை மொழியைக் கூறியது.

சட்டங்களும் வந்தன. ஜப்பான் 2016ஆம் ஆண்டில் புராகு வேற்றுமையை ஒழிப்பதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நம் நாட்டின் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பொதுமக்கள் காணும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைத் தெளிவாகக் குற்றமாக்கியது. இவை வேண்டற்பாலனவே. ஆனால் சொல்லப்பட்ட இழிசொல்லைச் சட்டம் பிடிக்கும். சொல்லாமல் விடப்பட்ட ‘ங்க’வை எந்தக் காவலர் பிடிப்பார்? அதனை மீட்பது சங்கங்களின் பணி, வீடுகளின் பணி, பள்ளிகளின் பணி.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். சாதியின் பெயரால் நம்மை ‘நீ’ என்பவர்மீது சினங்கொள்ளும் நாம், நம் மனைவியரை எப்படி அழைக்கிறோம்? அவர்கள் தரும் ‘நீங்கள்’ அவர்களுக்குத் திரும்பிச் செல்கிறதா? நமக்கும் கீழே என்று நாமே எண்ணிக்கொண்டிருக்கும் பிற பிரிவினரிடமும், தெருவைத் துப்புரவு செய்ய வருபவரிடமும் நம் வினைமுற்று எவ்வாறு முடிகிறது? திரும்பி வராத மரியாதையே ஆதிக்கம் என்றால் அவ்வளவுகோல் நமக்கும் உரியது.

இரண்டாவது, இரு நடையிலும் வல்லவராவோம். வீட்டில் நாம் பேசும் பேச்சு இழிந்ததன்று. அது நெருக்கத்தின் மொழி. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘இன்னிக்கு’ என்பதை விட்டு ‘இன்று’ என்று தொடங்கும் சிறுவன் தன் தாயின் மொழியை மறுக்கவில்லை. ஜப்பானியச் சிறுமியைப் போலச் சபையில் எழுந்து நிற்கிறான். நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் வாரம் ஒரு மணி நேரம் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று பேசட்டும். நேர்முகத் தேர்விலும் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் அந்தப் பயிற்சி துணை நிற்கும்.

மூன்றாவது, மரியாதை கொடுப்போம். தாழ்மையைக் கொடுக்க வேண்டாம். அலுவலரை ‘ஐயா’, ‘அம்மா’ என்று அழைப்பது பண்பு. ‘சாமி’, ‘எசமான்’ என்பவை நம் நாவினின்று நீங்க வேண்டும். எவரேனும் நம் பெரியவர் ஒருவரை ஒருமையில் அழைத்தால், அருகிலிருக்கும் படித்த இளைஞர் குரலை உயர்த்தாமல், “ஐயா அவர்கள் சொல்வதைத் தாங்கள் கேளுங்கள்” என்று இருவர்க்கும் மரியாதை கொடுத்துப் பேசட்டும். அந்த ஒரு வாக்கியத்தில் எதிரேயிருப்பவர் தம் பிழையைக் காண்பார். காணாவிடினும், அருகில் நிற்கும் பெரியவர் தம் மானம் காக்கப்பட்டதைக் காண்பார்.

25 ஆண்டுகளுக்கு முன் எழுத்தறிவிப்பதற்கென்று தொடங்கிய சங்கம் இது. எழுத்தை அறிந்துகொண்டோம், பட்டங்களும் பெற்றுவருகிறோம். அடுத்த 25 ஆண்டுகளில் நம் தெருவில் எக்குழந்தையும் எவர்முன்னும் நிமிர்ந்து, செம்மையாகப் பேசும் நிலையை உண்டாக்குவோம்.